ஹால் ஃபுல்லா தெரியணும்

கூட்டம் தானாகச் சேரும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் பெங்களூரில், மர்பி டவுனில் வளர்ந்தவள். சிட்டியின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய உள்ளரங்கத்தில் என்ன நிகழ்ச்சி நடந்தாலும், முன்வரிசைகளில் உட்கார்ந்து கை தட்டுகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பெண்கள். கூலிக்குப் போகிறவர்கள். அவர்களைத் திரட்டி, பஸ்ஸில் ஏற்றி, கொண்டுபோய் உட்கார வைக்கும் வேலையை ஒரு பெண் செய்துவந்தாள். மரியாதைக்கு ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை.

பெயரையும் சொல்லப்போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் இருந்தால் ‘அக்கா’, தலை மறைந்தால் ‘சேர் அக்கா’. அவள் கண்ணுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரியும், அது காலியாகக் கிடக்கிற சேர். அதில் யார் உட்கார்கிறார்கள், அவர்களுக்குப் பசியா, காய்ச்சலா, வீட்டில் சாவா என்பதெல்லாம் அவளுக்குத் தேவையில்லாத விவரம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை காலியாக இருந்தால்கூட தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள். ஒருமுறை சிவாஜி நகர் பஸ்ஸில், காலியாக இருந்த சீட்டுக்கு மூன்று வரிசை தள்ளி நின்றிருந்த ஒரு பெரியவரை அதட்டி உட்கார வைத்ததைப் பார்த்தேன். அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர். பாவம், உட்கார்ந்து எழுந்து போனார். அவள் மட்டும் நின்றுகொண்டே வந்தாள். அவள் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட நின்றபடிதான் பிரிப்பாள்.

அம்மா பகலில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அக்கா கூப்பிடும் நாட்களில் அந்த வீடுகளுக்கு ஏதோ ஒரு பொய் சொல்லிவிட்டு ஹாலுக்குப் போவாள். எங்கள் பெண்கள் அந்த அரங்கத்தை ‘ஹால்’ என்றுதான் சொல்வார்கள். ஏசி, மெத்தை வைத்த சேர், முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம், கையில் கூலி. அம்மாவுக்கு அது பாதி வேலை, பாதி விடுமுறை. மல்யுத்தம், நாய்க் கண்காட்சி, பரதநாட்டிய அரங்கேற்றம், பில்டர் வீட்டு ரிசப்ஷன், வேலைவாய்ப்பு முகாம் என்று அவள் பார்க்காதது கிடையாது. இந்த ஊரின் பெரிய மனிதர்களில் பாதிப் பேரின் பேச்சுக்கு என் அம்மா கை தட்டியிருக்கிறாள். யார் என்று கேட்டால் தெரியாது.

“இன்னிக்கு என்னம்மா ஹால்ல?” என்று கேட்பேன்.

“யாரோ ஒருத்தர்டி. கோட்டு போட்டுக்கிட்டு, மனசு வச்சா மலையைத் தூக்கலாம்னு இங்கிலீஷ்ல கத்தினார். ஏசி நல்லா இருந்துச்சு.”

காலையில் மார்க்கெட் முனையில் ஆட்களை நிற்க வைத்து அக்கா பொறுக்குவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், புடவையைப் பார்ப்பாள். “தக்காளிக் கலர் முன்னாடி. மஞ்சள் முன்னாடி. மண் கலரெல்லாம் பின்னாடி போங்க. பேகா பேகா, சீக்கிரம் ஏறுங்க.” அம்மாவிடம் ஒரே ஒரு சிவப்புப் புடவை இருந்தது. எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிய வருஷம், புதுசு எடுக்க முடியாமல், அதைத் துவைத்துத் துவைத்தே சாயம் போக்கினாள். அதனால் அவளுக்கு எப்போதும் மூன்றாவது வரிசை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அக்கா அவளைக் கூப்பிடுவதே “ஏ, மூணாவது வரிசை” என்றுதான். அம்மா அதற்குச் சிரித்துக்கொண்டே திரும்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹாலுக்குள் பேச்சு கிடையாது. எல்லாம் ஜாடை. அக்காவிடம் ஒரு மஞ்சள் கர்ச்சீஃப் இருக்கும். தூக்கிப் பிடித்தால் கை தட்ட வேண்டும். சுற்றினால் எழுந்து நின்று விசில் அடிக்க வேண்டும். தோளில் கை வைத்தால் உட்கார வேண்டும். கேமரா ஓடும்போது யாரும் சேரை விட்டு நகரக் கூடாது. இந்த நான்கும்தான் சட்டம். மீறினால் கூலி கிடையாது, அடுத்த முறை பஸ்ஸும் கிடையாது. வருஷக்கணக்கில் போய்வந்த பெண்களுக்கு இது உடம்பில் ஏறிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது யாராவது மஞ்சள் துணியை உதறினால் அம்மாவின் கைகள் ஒன்றாகச் சேரும். பிறகு அசட்டுச் சிரிப்பு சிரிப்பாள்.

சர்க்கரை நோய் மாநாடு ஒன்று நடந்தது. டாக்டர்கள் பேசினார்கள், எங்கள் பெண்கள் தட்டினார்கள். ஜீவனஹள்ளியிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாளுக்கு நிஜமாகவே சர்க்கரை. அவசரமாக வருகிறது, போய்விட்டு வருகிறேன் என்று அக்காவிடம் ஜாடை காட்டியிருக்கிறார். அக்கா தோளில் கை வைத்திருக்கிறாள். மேடையில் ஒரு டாக்டர் பெரிய திரையில் படம் போட்டு, இந்த நோய்க்காரர்களால் சிறுநீரை அடக்க முடியாது, அடக்கவும் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தாராம். கர்ச்சீஃப் மேலே போனது. அந்த அம்மாளும் தட்டினார். தட்டிக்கொண்டே சேரை நனைத்துவிட்டார்.

கேமரா வேறு பக்கம் திரும்பியதும் அக்கா வந்தாள். அந்த அம்மாளைக் கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு அனுப்பினாள். கையிலிருந்த பேப்பரை மடித்து சேரில் போட்டாள். பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டு அதன்மேல் உட்கார வைத்தாள். அம்மா இதை என்னிடம் சிரிப்புக் கதையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுபோய், எழுந்து குளிக்கப் போனாள்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். ஊரடங்கில் ஹால் பூட்டிக் கிடந்தபோது, தன்னிடம் வந்துகொண்டிருந்த எல்லாப் பெண்களின் வீட்டுக்கும் அவள் அரிசி கொண்டுவந்து போட்டாள். ஆட்டோவில் மூட்டைகளோடு வந்து, தானே தூக்கி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். காலி வயிறும் அவளுக்குப் பொறுக்காது என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஹால் திறக்கும்போது ஆட்கள் வேறு ஏஜென்டிடம் போய்விடக் கூடாது, அதற்காகத்தான் என்று நான் சொல்வேன். இந்த விஷயத்தில் நானும் அம்மாவும் ஒத்துப்போனதே இல்லை. அந்த அரிசியை நானும் சாப்பிட்டேன், அது வேறு.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

நான் கபடி ஆடினேன். ரெய்டர். ஜீவனஹள்ளி மைதானத்தில் மண்ணில் ஆடப் பழகியவள். பெண்கள் போட்டி ஒன்றில் எங்கள் அணி இறுதிக்கு வந்தது. இறுதிப் போட்டி ஹாலில், மண்ணில் இல்லை, மேட் விரிப்பில், டிவியில் நேரடி ஒளிபரப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆள் எடுக்க இரண்டு அதிகாரிகள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கோச் சொன்னார். அந்த வேலை கிடைத்தால் அம்மா இனி யார் வீட்டுப் பாத்திரத்தையும் தொட வேண்டாம். யாருக்கும் கை தட்டவும் வேண்டாம். எனக்கு அது போதும் என்றிருந்தது.

பெண்கள் கபடிக்கு டிக்கெட் வாங்கி யார் வருவார்கள்? போட்டி நடத்தியவர்கள் அக்காவிடம் போனார்கள். எனக்கு அம்மாவுக்காக ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து அக்கா சிரித்தாளாம்.

“பாஸ்ல வந்தா மேல, மூலையில உக்காரணும். பொண்ணு எறும்பு மாதிரி தெரிவா. என்கூட வா. மூணாவது வரிசை. கிட்டக்க பாக்கலாம், கூலியும் உண்டு.”

இப்படியாக என் அம்மா, நான் ஆடுவதைப் பார்க்கக் கூலி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள், கபடியில் எப்போது தட்டுவது, எங்களுக்கு ரூல்ஸ் தெரியாதே என்று. அக்கா பதில் சொன்னாள். அம்மா அதை எனக்கு அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

“எனக்கு மட்டும் கொத்தா, தெரியுமா? யாராவது தொப்புனு விழுந்தா எழுந்து நின்னு விசிலடிங்க. அவ்ளோதான் கபடி.”

இரண்டாம் பாதியில் நாங்கள் முன்னிலையில் இருந்தோம். நான் ரெய்டு போனேன். மூலையில் நின்ற பெண் என் கணுக்காலைப் பிடித்தாள். நான் திரும்பினேன், கால் திரும்பவில்லை. முட்டிக்குள் ஏதோ இடம் மாறியது எனக்குத் தெரிந்தது. விழுந்தேன். “முட்டி, விடு, விடு” என்று கத்தினேன். அதற்குள் மஞ்சள் கர்ச்சீஃப் சுற்றிவிட்டது. அத்தனை பெண்களும் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். மேற்கூரை அதிர்ந்தது. என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை. நடுவர் ஊதியதை யாரும் கேட்கவில்லை. நான் நடுக்கோட்டை நோக்கி இன்னும் இழுக்கிறேன் என்று நினைத்து, எதிரணியில் இன்னும் மூன்று பேர் என்மேல் விழுந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர்கள் எழுந்த பிறகு நான் மேட் விரிப்பில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். கிடந்த இடத்திலிருந்து மூன்றாவது வரிசை நேராகத் தெரிந்தது. அம்மா விசில் அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, சேரை விட்டு வெளியே வந்து, ஓடி வருவதற்கு ஒரு காலை எடுத்து வைத்திருந்தாள். அப்போது அக்கா அவள் பின்னால் வந்தாள். தோளில் கை வைத்தாள். உதடுகள் அசைந்தது எனக்குத் தெரிந்தது. “கேமரா வருது. உக்காரு.”

அம்மா உட்கார்ந்தாள்.

என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கொண்டுபோகும்வரை உட்கார்ந்தே இருந்தாள். முதல் திருகலோடு விட்டிருந்தால் சில மாதங்களில் சரியாகியிருக்கும், மேலே விழுந்த பாரத்தில்தான் தசைநார் அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். கபடி போயிற்று. வேலை போயிற்று. இரண்டையும் நான் விழுங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா உட்கார்ந்ததை விழுங்க முடியவில்லை.

ஒரே ஒரு முறை கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவ கை தோள்ல பட்டா உக்காந்துடுவேன்டி. பழகிப்போச்சு. உக்காந்த பொறவுதான் உன் நெனப்பே வந்துச்சு. அப்புறம் எந்திரிக்கக் காலு வரல.” அதற்குப் பிறகு அவள் ஹாலுக்குப் போனதில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவிடம் கோபத்தை வைத்துக்கொள்ள இடம் போதாது. அதனால் அவ்வளவையும் கொண்டுபோய் அக்காவிடம் வைத்தேன். அவளிடம் இடம் நிறைய இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தாள். ஆப்பிள், பிரெட் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். வார்டுக்குள் நுழைந்ததும் என் காலைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, “இது காலியா?” என்று நர்ஸிடம் கேட்டாள். பிறகு என் தலைமாட்டில் நின்று, ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடு சொன்னாள்.

“டிவில மறுபடி போட்டப்ப பார்த்தேன்மா. நீ விழுந்தப்ப எல்லாரும் எந்திரிச்சாங்க பாரு, ஹால் ஃபுல்லா தெரிஞ்சுது. ஒரு சேர் காலி தெரியல.”

அவளை அடிக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தோன்றியது. எழுந்திருக்க முடியாததால் தப்பித்தாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட என்னை ஒரு ஆளாக நினைத்திருக்கிறாள் என்று சமாதானப்பட்டிருப்பேன்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹெல்ப்டெஸ்க் வேலை பார்க்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை. கம்பெனி கேப் வண்டியில், காலை நீட்ட முடியாத சீட்டில் போய்வருவதுதான் கஷ்டம். போன மாதம் கம்பெனியின் ஆண்டு விழா. எங்கே என்று சொல்லவும் வேண்டுமா? அதே ஹால். வீட்டில் ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். வருவாயா என்று அம்மாவைக் கேட்டேன். வருகிறேன் என்றாள். சாயம் போன பழைய சிவப்பு எப்போதோ கிழிந்துவிட்டது. மண் கலர்ப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். வேண்டுமென்றே கட்டினாளா என்று எனக்குத் தெரியாது.

விடுமுறை நாள், டிராஃபிக் வேறு. கம்பெனி ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை. மேலதிகாரிகள் மேடையில் வந்து உட்காரும் நேரத்தில் பக்கவாசல் திறந்தது. தக்காளிக் கலர், மஞ்சள், பச்சை என்று பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் எங்கள் கம்பெனியின் அடையாள அட்டைக் கயிறு. முன்னால் வந்த பெண் என் அம்மாவைப் பார்த்து, “அட, நீயும் வந்திருக்கியா? எவ்ளோ நாளாச்சு” என்றாள். அவள் எங்கள் தெருவில் பூக்கட்டுகிறவள். கழுத்தில் கிடந்த கயிற்றின் நிறப்படி எனக்கு சீனியர்.

அவர்களுக்குப் பின்னால் அக்கா வந்தாள். முடிக்கு மை போட்டிருந்தாள். கையில் அதே மஞ்சள் கர்ச்சீஃப். பெண்களையெல்லாம் நிரப்பி முடித்துவிட்டு, நடைபாதை ஓரமாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். நாங்கள் இருந்த வரிசையில் நான், எனக்கு அடுத்து அம்மா, அம்மாவுக்கு அடுத்து நடைபாதை ஓரத்தில் ஒரு காலி சேர். அவள் அங்கே நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அட, மூணாவது வரிசை. ஓரத்துல காலி தெரியுது பாரு, இப்படித் தள்ளி உக்காரு.”

அம்மா எழுந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் சொன்னால் எழுந்துவிடுகிறாளே என்று நினைத்தேன். அம்மா ஓரத்து சேரில் உட்காரவில்லை. அதைத் தாண்டி வெளியே வந்து, நடைபாதையைக் கடந்து, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அக்கா பின்னாலேயே போய்த் தோளில் கை வைத்தாள்.

“கேமரா இந்தப் பக்கம் வருது. உக்காரு.”

“உக்கார மாட்டேன்க்கா.”

“ஏன், உடம்பு சரியில்லியா?”

“அன்னிக்கு உக்காந்துட்டேன்.”

“என்னிக்கு?” என்றாள் அக்கா. நடிப்பு இல்லை. நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை.

மேடைப் பக்கமிருந்து கேமரா திரும்பத் தொடங்கியிருந்தது. அக்கா சுற்றிப் பார்த்தாள். நிரப்ப ஒரு ஆள்கூட மிச்சமில்லை. இப்போது இரண்டு சேர் காலி. அவள் ஓடி வந்து ஓரத்து சேரில் தானே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து அன்றுதான் முதலில் பார்த்தேன். உட்காரத் தெரியாதவளைப் போல சேரின் நுனியில் இருந்தாள்.

“நீ நடுவுல வந்துடும்மா” என்றாள் என்னிடம்.

இவளிடம் சொல்வதற்கு நான் வருஷக்கணக்காக வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். கேப் வண்டியில் போகும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாயில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“என்னைத் தெரியுதா உங்களுக்கு?”

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

“சுடிதார் கலர் நல்லா இருக்கும்மா. நீ முன்னாடியே உக்காந்திருக்கலாம்.”

நான் எழுந்தேன். முட்டி வழக்கம்போல மளுக்கென்றது. அவளைத் தாண்டி நடைபாதைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றேன். மேடைக்கு மேலிருந்த பெரிய திரையில் அந்த வரிசை வந்தது. ஓரத்தில் அவள், பக்கத்தில் காலி, அதற்குப் பக்கத்திலும் காலி. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். பதறிப்போய், பின்வரிசையிலிருந்து யாரையாவது கூப்பிடக் கையைத் தூக்கி ஆட்டினாள். அந்தக் கையில் கர்ச்சீஃப் இருந்ததை மறந்துவிட்டாள்.

மேடையில் எங்கள் மேலதிகாரி அந்த வருஷம் இறந்துபோன ஊழியர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அக்கா இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். கர்ச்சீஃப் இன்னும் சுற்றியது, விசில் இன்னும் ஏறியது. அதே கூரை, அதே அதிர்வு. என் உடம்பு தானாகக் குறுகியது.

அம்மா தட்டவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை என் காதருகே கொண்டுவந்தாள்.

“முட்டி வலிக்குதாடி?”

“வலிக்குதும்மா” என்றேன், என் வழக்கமான குரலில். அவ்வளவு சத்தத்திலும் அது அவளுக்குக் கேட்டது.